ஆக்சிலியரி பஸ்ஸில் சென்சார்: இருப்பதை யார் சொல்வது, பொருளை யார் சொல்வது?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு சென்சாருக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுத உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி, அந்த சென்சார் அங்கே இருக்கிறது என்பதைக் கெர்னலுக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்பதுதான். ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பு வழியில் இணைந்த வெப்பநிலைச் சிப் என்றால் கவலை இல்லை. இந்த முகவரி, இந்த வகை, இந்த இன்டரப்ட் என்று, போர்டில் உள்ள வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ எழுதி வைத்திருக்கும். பிசிஐ கார்டு தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதன் கான்ஃபிக் பகுதியைப் படித்தாலே தயாரிப்பாளர் எண்ணும் டிவைஸ் எண்ணும் கிடைத்துவிடும். ஆனால் பெரிய சிப் ஒன்றின் உள்ளே, அந்தச் சிப்பின் உள் நிரலான ஃபர்ம்வேருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கேட்டால் மட்டும் பதில் சொல்லும் சென்சார்கள் நிறைய உண்டு. அவற்றுக்குத் தனி முகவரி கிடையாது, டிவைஸ் ட்ரீயில் தனி நோடும் கிடையாது. அவை இருப்பது அந்தச் சிப்பை இயக்கும் தாய் டிரைவருக்கு மட்டுமே தெரியும். அது சொன்னால்தான் மற்ற டிரைவர்களுக்குத் தெரியவரும். அதைச் சொல்வதற்கான இடம்தான் ஆக்சிலியரி பஸ்.

இந்தப் பஸ் கெர்னலுக்குள் வந்தது 2021 பிப்ரவரியில் வெளியான 5.11 பதிப்பில். அதற்கு முன் 'விர்ச்சுவல் பஸ்', 'ஆன்சிலரி பஸ்' என்ற பெயர்களில் நீண்ட விவாதம் நடந்தது. அதுவரை இப்படிப்பட்ட துணைப் பகுதிகளுக்குப் பலரும் பிளாட்ஃபார்ம் டிவைஸைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார்கள். உண்மையில் பிளாட்ஃபார்ம் டிவைஸ் என்பது டிவைஸ் ட்ரீயோ, கணினியின் பயாஸ் தரும் ஏசிபிஐ விவரப் பட்டியலோ விவரிக்கும் வன்பொருளுக்கானது. எம்எஃப்டி என்ற பல்செயல் டிவைஸ் கட்டமைப்பும் பிரியும் ஒவ்வொரு பகுதியும் ஒரு வன்பொருளாக இருக்கும் என்றே எதிர்பார்க்கிறது. ஒரே வன்பொருளின் வேலையை மென்பொருள் வசதிக்காகப் பல டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நேர்மையான வழி எதுவும் இல்லாமல் இருந்தது. நெட்வொர்க் கார்டும் அதன் ஆர்டிஎம்ஏ (மற்றொரு கணினியின் மெமரியை நேரடியாக அணுகும் வசதி) பகுதியும், ஆடியோ ஃபர்ம்வேரும் அதன் கிளைகளும் இப்படிப் பிரிய வேண்டியிருந்ததுதான் இந்தப் பஸ் பிறந்ததற்கு நேரடிக் காரணம். சென்சார்கள் அப்புறம்தான் வந்து சேர்ந்தன. ஆனால் இந்தப் பஸ்ஸின் பலமும் பலவீனமும் மற்ற எதையும் விட சென்சார் டிரைவர்களில்தான் பளிச்சென்று தெரிகிறது என்பது என் கருத்து.

காரணம் இதுதான். ஒரு சென்சாரைப் பற்றிக் கெர்னலிடம் சொல்ல வேண்டியவை மூன்று: அது இருக்கிறது என்பது, அதை எப்படிப் படிப்பது என்பது, படித்துக் கிடைக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்பது. ஆக்சிலியரி பஸ் இதில் முதலாவதை மட்டுமே சுமக்கிறது. இரண்டாவது, தாய் டிரைவரும், அது பதிவு செய்யும் டிவைஸை இயக்கும் சேய் டிரைவரும் பகிர்ந்துகொள்ளும் ஹெடர் ஃபைலில் இருக்கிறது. மூன்றாவது, சேய் டிரைவர் எச்டபிள்யூமான் அல்லது ஐஐஓ (இரண்டும் சென்சார் அளவீடுகளை வெளியே தரும் கெர்னல் பகுதிகள்) பகுதியிடம் கொடுக்கும் சேனல் அட்டவணையில் இருக்கிறது. இந்த மூன்றையும் கலக்காமல் வைத்திருப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

முதலில் பெயர். ஆக்சிலியரி டிவைஸ் என்ற ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு) மிகச் சிறியது. வழக்கமான டிவைஸ் ஸ்ட்ரக்ட், ஒரு பெயர், ஓர் எண், இவற்றைச் சுற்றித்தான் எல்லாம். தாய் டிரைவர் பெயரைக் கொடுத்துப் பதிவு செய்ததும், கெர்னல் அதற்கு முன்னால் தாய் மாட்யூலின் (தனியாக ஏற்றவும் நீக்கவும் முடிகிற கெர்னல் பகுதி) பெயரையும் பின்னால் எண்ணையும் புள்ளி வைத்து ஒட்டிவிடுகிறது. சேய் டிரைவரைப் பொருத்திப் பார்க்கும்போது கடைசிப் புள்ளிக்கு முன்னால் உள்ளதை மட்டுமே ஒப்பிடுகிறது. அதாவது எண் எதுவானாலும் பொருத்தத்தில் மாற்றம் வராது. ஒரே மாதிரி இரண்டு டிவைஸ்களை வேறுபடுத்த மட்டுமே அது உதவும். முகவரியோ ரெஜிஸ்டரோ வேறெதுவுமோ பஸ்ஸின் கண்ணில் படுவதே இல்லை.

இங்கே ஒரு சின்ன இடறல் உண்டு. மாட்யூல் ஃபைலின் பெயரில் இணைப்புக்கோடு இருந்தால், கெர்னலுக்குள் அது அடிக்கோடாக மாறிவிடும். ஃபைலின் பெயரைப் பார்த்து அப்படியே சேய் டிரைவரின் அட்டவணையில் எழுதினால், பிழைச் செய்தி எதுவும் வராது. டிரைவர் ஒட்டவும் ஒட்டாது. அதே போல, பின்னாளில் யாராவது தாய் மாட்யூலின் பெயரை மாற்றினாலும் பொருத்தம் சத்தமில்லாமல் அறுந்துபோகும். பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தொடக்கத்தில் பொருத்த அட்டவணையில் அதற்கு 32 பைட்தான் ஒதுக்கியிருந்தார்கள். மாட்யூல் பெயரும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதால், பெயரைச் சுருக்கமாக வைப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் பெசி டிரைவர்களைப் பார்க்கலாம். பெசி என்பது இன்டெல் சர்வர் சிபியுவுக்கும், போர்டைக் கண்காணிக்கும் பிஎம்சி சிப்புக்கும் இடையே ஓடும் ஒற்றைக் கம்பித் தொடர்பு. பிஎம்சியில் தனியாக ஒரு லினக்ஸ் ஓடுகிறது. அது இந்தக் கம்பி வழியாக சிபியுவின் வெப்பநிலையையும் மெமரிப் பலகைகளின் வெப்பநிலையையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 2022-இல் வெளியான 5.18 பதிப்பில் இது கெர்னலுக்குள் வந்தது. கம்பியில் 0x30 தொடங்கி 0x37 வரை உள்ள முகவரிகளில் யார் பதில் சொல்கிறார்கள் என்று தேடி, கிடைத்த சிபியு எந்தத் தலைமுறை என்று கண்டுபிடித்த பிறகு, தாய் டிரைவர் இரண்டு ஆக்சிலியரி டிவைஸ்களைப் பதிவு செய்கிறது. ஒன்று சிபியு வெப்பநிலைக்கு, இன்னொன்று மெமரி வெப்பநிலைக்கு. கெர்னல் தன் டிவைஸ்களை ஃபைல்களாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் போய்ப் பார்த்தால் 'பெசி_சிபியு.சிபியுடெம்ப்.எஸ்கேஎக்ஸ்.48' என்பது போன்ற பெயர் தெரியும். பெசி_சிபியு என்பது தாய் மாட்யூல். சிபியுடெம்ப் என்பது வேலை. எஸ்கேஎக்ஸ் என்பது ஸ்கைலேக் சர்வர் தலைமுறை. கடைசியில் உள்ள 48, பதினாறடி எண்முறையில் 0x30, அதாவது அந்த சிபியுவின் பெசி முகவரி.

பெயரின் நடுவில் சிபியுவின் தலைமுறையை வைத்தது நல்ல முடிவு என்பேன். சேய் டிரைவரின் பொருத்த அட்டவணையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரியோடும் அந்தத் தலைமுறைக்கே உரிய தகவலைச் சுட்டும் ஒரு பாயின்டர். எந்த ரெஜிஸ்டரில் எந்தெந்தக் கோர்கள் உயிரோடு இருக்கின்றன என்று பார்ப்பது, கிடைத்த எண்ணை எப்படி மாற்றுவது எல்லாம் அதில் இருக்கிறது. டிவைஸும் டிரைவரும் பொருந்தியதும் ஓடும் தொடக்க வேலையான புரோப் நடக்கும்போதே எந்த வரி பொருந்தியது என்பது தெரிந்துவிடுவதால், ஓடும் நேரத்தில் 'இது எந்த சிபியு' என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

இந்த அமைப்பில் எங்கே தவறு நடக்கலாம் என்பதற்கும் பெசியிலேயே ஒரு பாடம் உண்டு. வெப்பநிலை இடைவெளி என்ற ஓர் அளவை சிபியு 16 பிட் எண்ணாகத் தருகிறது. பழைய ஹாஸ்வெல் தலைமுறையில் அதன் கடைசி 8 பிட்கள் பின்னப் பகுதி. அதாவது எண்ணை 256-ஆல் வகுத்தால் டிகிரி கிடைக்கும். ஸ்கைலேக்கில் கடைசி 6 பிட்கள் மட்டுமே பின்னம். 64-ஆல் வகுக்க வேண்டும். முதலில் ஸ்கைலேக்கையும் ஹாஸ்வெல் வரியோடு சேர்த்திருந்தார்கள். பின்னர் ஒரு திருத்தம் வந்து அதைப் பிரித்தது. வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிபியு 640 என்ற எண்ணைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 64-ஆல் வகுத்தால் இடைவெளி 10 டிகிரி. 256-ஆல் வகுத்தால் 2.5 டிகிரி. டிகன்ட்ரோல் என்ற கட்டுப்பாட்டு வெப்பநிலையிலிருந்து இந்த இடைவெளியைக் கழித்தால் கிடைப்பதுதான் டிடிஎஸ் (டிஜிட்டல் வெப்ப சென்சார்) வெப்பநிலை. டிகன்ட்ரோல் 90 என்றால் ஒரு கணக்கில் 80 டிகிரி, மற்றதில் 87.5. இரண்டுமே நம்பத்தகுந்த எண்கள்தான்! டிரைவர் ஒட்டியது, ஃபைல் தோன்றியது, எண்ணும் வந்தது. பஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தது. பொருள் மட்டும் தவறாகிவிட்டது. அதனால்தான் பொருளைச் சொல்லும் பொறுப்பு பஸ்ஸுக்கு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டே டிரைவர் எழுத வேண்டியிருக்கிறது.

சரி, எப்படிப் படிப்பது என்ற இரண்டாவது பகுதிக்கு வருவோம். சேய் டிரைவருக்குக் கையில் கிடைப்பது ஆக்சிலியரி டிவைஸின் பாயின்டர் மட்டும். தாய் டிரைவர் அந்த ஸ்ட்ரக்டைத் தன்னுடைய பெரிய ஸ்ட்ரக்ட் ஒன்றுக்குள் பொதித்து வைக்கிறது. சேய் டிரைவர் 'கன்டெய்னர் ஆஃப்' மேக்ரோவைப் பயன்படுத்தி வெளியே உள்ள பெரிய ஸ்ட்ரக்டைப் பிடிக்கிறது. அந்தப் பெரிய ஸ்ட்ரக்டில் என்ன வைப்பது என்பதில்தான் தாய், சேய் உறவின் தரம் தெரியும். தாய் டிரைவரின் மொத்த உள் நிலையையும் திறந்து காட்டுவது எளிது. ஆனால் அப்படிச் செய்தால் பிரித்ததற்கே அர்த்தம் இல்லை. சென்சாரைப் படிக்கத் தேவையான ஒன்றிரண்டு செயற்கூறுகளை மட்டும் கொடுப்பதும், ஃபர்ம்வேரோடு பேசும்போது போடும் லாக்கைத் தாயிடமே வைத்துக்கொள்வதும்தான் நான் பரிந்துரைக்கும் வழி. ஒரே நேரத்தில் இரண்டு சேய் டிரைவர்கள் ஃபர்ம்வேருக்குக் கட்டளை அனுப்பும் ஒரே மெயில்பாக்ஸில் கட்டளை போட்டால் வரும் குழப்பத்தைத் தீர்க்க அதற்கு மட்டுமே முடியும். தாயும் சேயும் ரெஜிஸ்டர்களைப் படிக்க உதவும் ரெக்மேப் வழியாகப் பேசுவதாக இருந்தால் இன்னும் எளிது. தாய் டிவைஸிடமிருந்து சேய் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது பகுதியான பொருளில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எச்டபிள்யூமானுக்கும் ஐஐஓவுக்கும் இடையே எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மெதுவாக மாறும், இயந்திரத்தின் உடல்நிலையைச் சொல்லும் வெப்பநிலை, வோல்டேஜ், விசிறி வேகம் எல்லாம் எச்டபிள்யூமானுக்கு. வேகமாகத் தொடர்ந்து மாதிரி எடுக்க வேண்டிய முடுக்கம், ஒளி, அழுத்தம் போன்றவை ஐஐஓவுக்கு. ஐஐஓவில் கச்சா எண்ணையும் ஆஃப்செட்டையும் ஸ்கேலையும் தனித்தனியாக வெளியே தரலாம். கச்சா எண்ணோடு ஆஃப்செட்டைக் கூட்டி ஸ்கேலால் பெருக்கிக்கொள்வது பயனரின் வேலை. எச்டபிள்யூமானில் அப்படி இல்லை. டிரைவரே முழுக்க மாற்றித் தர வேண்டும்: வெப்பநிலை டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், வோல்டேஜ் மில்லிவோல்ட்டில், மின்னோட்டம் மில்லிஆம்பியரில், மின்திறன் மைக்ரோவாட்டில். மின்திறன் மட்டும் ஏன் மைக்ரோ என்று யோசித்துக்கொண்டே பலர் மில்லிவாட்டைக் கொடுத்துவிடுவதுண்டு. மதிப்பாய்வின்போது முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

சேனல் அட்டவணை எழுதுவது இரண்டு வரி வேலைதான். எத்தனை சேனல், ஒவ்வொன்றுக்கும் என்னென்ன ஃபைல் என்று சொன்னால் போதும். கடினமானது, புரோப் நேரத்தில் எத்தனை சேனல் என்று தெரியாத நிலைமை. பெசியின் சிபியு டிரைவர் இதை அழகாகக் கையாள்கிறது. முதல் ஐந்து சேனல்கள் நிலையானவை. டை, டிடிஎஸ், டிகன்ட்ரோல், டித்ராட்டில், டிஜேமேக்ஸ் என்று லேபிள்கள். ஆறாவதிலிருந்து ஒவ்வொரு கோருக்கும் ஒரு சேனல். எல்லாக் கோர்களும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையிலேயே சிலவற்றை முடக்கியிருப்பார்கள். எந்தக் கோர் இருக்கிறது என்பதை ஒரு பிட் வரைபடமாகப் படித்து வைத்துக்கொண்டு, 'இந்த ஃபைல் தெரியலாமா' என்று எச்டபிள்யூமான் கேட்கும்போது அதைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். கோர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குவதால், மூன்றாம் எண் கோர் இல்லை என்றால் ஒன்பதாவது சேனல் மட்டும் தோன்றாது. பத்தாவது பத்தாவதாகவே இருக்கும். இடைவெளியை மூடாமல் எண்ணை நிலையாக வைத்திருப்பது, அந்த எண்ணை நம்பிக் கருவிகள் எழுதுபவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

மெமரி டிரைவரின் நிலைமை இன்னும் சிக்கலானது. எந்த இடத்தில் மெமரிப் பலகை செருகப்பட்டிருக்கிறது என்பது, எதிரே உள்ள சர்வர் இயங்கத் தொடங்கி, அதன் பயாஸ் மெமரியைப் பரிசோதித்து முடித்த பிறகுதான் தெரியும். பிஎம்சி அதற்கு முன்பே எழுந்துவிடும். புரோப்பில் காத்திருந்தால் கெர்னலே தாமதமாகும். பிழை என்று திரும்பினால் சென்சார் என்றைக்கும் வராது. எனவே புரோப்பை வெற்றி என்றே முடித்துவிட்டு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் ஒரு வேலையை ஓட விடுகிறார்கள். விவரம் தெரிந்த பிறகுதான் எச்டபிள்யூமானில் பதிவு. டிரைவரை நீக்கும்போது அந்த வேலையும் தானாக ரத்தாகும்படி கட்டியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இல்லாத மெமரியைத் தேடி அது ஓடிக்கொண்டிருக்கும்.

பிழைகளையும் பொருளின் ஒரு பகுதியாகவே எண்ண வேண்டும். சென்சார் இப்போது பதில் சொல்லவில்லை என்றால் பூஜ்யத்தைத் திருப்பித் தருவது மிக மோசமான வழக்கம். பூஜ்ய டிகிரி என்பது ஒரு வெப்பநிலை. அதைப் பார்க்கும் விசிறிக் கட்டுப்பாடு நிம்மதியாக வேகத்தைக் குறைத்துவிடும். தரவு இல்லை, உள்ளீட்டுப் பிழை என்பதற்கெல்லாம் கெர்னலில் தனித்தனிப் பிழை எண்கள் இருக்கின்றன. பெசியில் 0x8000 முதல் 0x81ff வரையுள்ள மதிப்புகள் வெப்பநிலையே அல்ல, பிழைக் குறியீடுகள். டிரைவர் அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் பிழையாகவே திருப்புகிறது.

ஆயுள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் கெர்னல் சாய்வது பெரும்பாலும் இங்கேதான். தாய் டிரைவர் பக்கத்தில் விதி இது: ஆக்சிலியரி டிவைஸைத் தொடக்கி வைக்கும் அழைப்பு தோற்றால் மெமரியை நீங்களே விடுவிக்கலாம். அது வெற்றி பெற்ற பின் ஒருபோதும் நேரடியாக விடுவிக்கக் கூடாது. அடுத்த படியான சேர்ப்பது தோற்றால் அதற்கென்று உள்ள 'அன்இனிட்' அழைப்பைக் கூப்பிட வேண்டும். அந்த டிவைஸைப் பிடித்திருக்கும் கடைசி ரெஃபரன்ஸ் விலகும்போது ரிலீஸ் செயற்கூறு ஓடி மெமரியை விடுவிக்கும். புதிய கெர்னல்களில் இந்த இரண்டு படிகளையும் சேர்த்து, டிரைவர் நீங்கும்போது தானே சுத்தம் செய்யும் துணைச் செயற்கூறு வந்துவிட்டது. எளிய சென்சார்களுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

சேய் டிரைவர் பக்கத்தில் உள்ள ஆபத்து இன்னும் நுட்பமானது. எச்டபிள்யூமானில் பதிவு செய்யும்போது தாய் டிவைஸைக் கொடுக்கத் தோன்றும். சிஸ்எஃப்எஸ்ஸில் சென்சார் நேராகக் கார்டின் கீழே தெரியுமே என்ற ஆசைதான். டிவைஸ் நீங்கும்போது தானாக நீங்கும் டெவ்எம் வகைப் பதிவில் இது அழிவுக்கு வழி. அந்தப் பதிவு தாய் டிவைஸின் ஆயுளோடு கட்டப்பட்டுவிடும். பிறகு சேய் மாட்யூலை மட்டும் யாராவது நீக்கினால் அதன் நிரல் மெமரியிலிருந்து போய்விடும். பதிவு அப்படியே இருக்கும். அடுத்து யாராவது அந்த வெப்பநிலை ஃபைலைப் படித்தால், கெர்னல் இல்லாத செயற்கூறுக்குள் குதிக்கும். ஆக்சிலியரி டிவைஸின் சொந்த டிவைஸையே கொடுத்தால், சேய் போகும்போது பதிவும் போய்விடும்.

டிவைஸ் ட்ரீயோடு சேர்த்துப் பயன்படுத்தும்போதும் கவனம் வேண்டும். ஆக்சிலியரி டிவைஸுக்குச் சொந்த நோடு கிடையாது; கெர்னல் குளிர்விக்கும் பகுதிகளான வெப்ப மண்டலங்களில் சென்சாரைச் சுட்ட வேண்டுமானால் தாயின் நோடைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். இரண்டு சேய்கள் ஒரே நோடைப் பகிர்ந்துகொண்டு, இரண்டுமே தங்கள் முதல் சென்சாரைப் பூஜ்யம் என்று எண்ணினால், டிவைஸ் ட்ரீயில் எழுதியிருக்கும் பூஜ்யம் யாருடையது என்பது யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு தேவை வருமானால் எண்களை முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவு சொன்னதால், சென்சார் என்றாலே ஆக்சிலியரி பஸ் வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மெல்லனாக்ஸ் நெட்வொர்க் கார்டுகளின் எம்எல்எக்ஸ்5 டிரைவர் இந்தப் பஸ்ஸை அதிகம் பயன்படுத்தும் டிரைவர்களில் ஒன்று. ஈதர்நெட், ஆர்டிஎம்ஏ எல்லாம் தனித்தனி ஆக்சிலியரி டிவைஸ்கள்தான். ஆனால் அதே டிரைவர் தன் வெப்பநிலை சென்சார்களை மையப் பகுதியிலிருந்தே நேரடியாக எச்டபிள்யூமானில் பதிவு செய்கிறது. ஒரு சிறிய ஃபைலில் முடிகிற வேலைக்குத் தனி மாட்யூலும் பெயர்ப் பொருத்தமும் எதற்கு? பிரிப்பதற்கு நியாயமான காரணங்கள் வேறு. ஒரே சென்சார் டிரைவரைப் பல தாய் டிரைவர்கள் பகிர்வது, சென்சார் பகுதியை வேறு பராமரிப்பாளர்கள் கவனிப்பது, எச்டபிள்யூமான் இல்லாத கெர்னலிலும் தாய் டிரைவர் தடையின்றிக் கட்டப்பட வேண்டும் என்பது போன்றவை. அதே போல, சென்சாருக்குச் சொந்தமாக ஒரு ஐ2சி முகவரி இருந்தால் அதை ஐ2சி டிவைஸாகவே விவரிக்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே ஒரு டிரைவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

பொருளைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுபோகும் வழியும் ஒன்று இருக்கிறது. சிப்பின் உள் அளவீடுகளைத் தரும் இன்டெல்லின் பிஎம்டி டெலிமெட்ரி அப்படிப்பட்டது. பிசிஐ டிவைஸின் கூடுதல் திறன் பட்டியலில் டெலிமெட்ரி பகுதி ஒன்று இருப்பதைத் தாய் டிரைவர் கண்டுபிடித்து ஆக்சிலியரி டிவைஸாகப் பதிவு செய்கிறது. சேய் டிரைவர் ஓர் அடையாள எண்ணையும் அளவையும் கச்சா மெமரிப் பகுதியையும் மட்டும் வெளியே தருகிறது. எந்த பைட்டில் எந்த சென்சார் என்பதை, அந்த அடையாள எண்ணை வைத்துத் தனியாக வெளியிடப்பட்ட எக்ஸ்எம்எல் ஃபைல்களில் தேட வேண்டும். நூற்றுக்கணக்கான அளவீடுகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் இடத்தில் இது புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் விசிறியைச் சுழற்றவோ மண்டலத்தைக் குளிரவைக்கவோ கெர்னலே பயன்படுத்த வேண்டிய வெப்பநிலைக்கு இது பொருந்தாது.

கடைசியாக, எழுதிய டிரைவர் ஒட்டவில்லை என்றால் எங்கே பார்ப்பது. சிஸ்எஃப்எஸ்ஸின் பஸ் பகுதியில் ஆக்சிலியரி என்ற அடைவுக்குள் டிவைஸ்கள் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் டிவைஸே இல்லை என்றால் சிக்கல் தாய் டிரைவரிடம். பதிவு நடக்கவே இல்லை. டிவைஸ் இருக்கிறது, ஆனால் அதற்குள் டிரைவரைச் சுட்டும் இணைப்பு இல்லை என்றால் பெயரைப் பாருங்கள். மோட்இன்ஃபோ கட்டளை சேய் மாட்யூலின் மாற்றுப் பெயர்களைக் காட்டும். அதில் 'ஆக்சிலியரி:' என்பதற்குப் பின் வருவதும், டிவைஸ் பெயரில் கடைசிப் புள்ளிக்கு முன்னால் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றுப் பெயரே காணோம் என்றால், அட்டவணையை மாட்யூலோடு சேர்க்கும் மேக்ரோவை எழுத மறந்திருப்பீர்கள். மாட்யூலைக் கையால் ஏற்றினால் ஒட்டும், தானாக ஏறாது. டிரைவர் ஒட்டியும் எச்டபிள்யூமான் அடைவு வரவில்லை என்றால் புரோப்புக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அடைவும் வந்து, பெயரைப் பற்றி எச்சரிக்கை ஒன்று கெர்னலின் செய்திப் பதிவில் தெரிந்தால், எச்டபிள்யூமான் பெயரில் இணைப்புக்கோடோ இடைவெளியோ நட்சத்திரக் குறியோ நுழைந்திருக்கும். புள்ளியும் அடிக்கோடும் இருக்கலாம். இவை எல்லாம் சரியாக இருந்து எண்ணும் வருகிறது என்றால், வன்பொருள் ஆவணத்தைத் திறந்து அந்த எண்ணில் பின்னத்துக்கு எத்தனை பிட் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.